சக்கரம் இறங்க இடம் வேண்டும்

மோட்டோகிராஸ் பைக் வாங்க வரும் தம்பிகள் எஞ்சினைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். நான் அவர்கள் எடையைக் கேட்பேன். ஹெல்மெட், பூட்ஸ், கவசம் எல்லாம் போட்ட எடை. 60 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஒரே ஸ்பிரிங்கில் ஓட்டினால் ஒருவருக்காவது அது பொருந்தாது.

அளப்பது எளிது. பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, தொங்கும் பின் சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை டேப் பிடிக்க வேண்டும். பிறகு ஆள் முழுக் கவசத்தோடு ஏறியதும் மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். பின் சக்கரம் 300 மில்லிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும் பெரிய பைக்குகளில் 100 முதல் 105 வரை வைப்பது வழக்கம். ஆள் இல்லாமல் பைக் தன் எடையிலேயே 30 முதல் 40 இறங்க வேண்டும். ஆளோடு 100 சரியாக வந்தும், ஆளில்லாமல் 15தான் இறங்குகிறதா? அந்த எடைக்கு ஸ்பிரிங் சாஃப்ட். ஸ்பிரிங்கை அழுத்தும் வளையத்தை இறுக்கிச் சமாளிக்காமல் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

தாவி இறங்கும்போது அடிதட்டுமே என்ற பயத்தில் பலர் எல்லாவற்றையும் இறுக்கிவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்க இடம் தருவதும் சேக்தான். அந்த இடம் குறைந்தால், பிரேக் பிடிக்கும் இடத்துக் குண்டுகுழிகளில் டயர் துள்ளும். அந்தரத்தில் நிற்கும் டயருக்குப் பிடிப்பு ஏது? ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் மீண்டும் நிமிர்வது, மிக மெதுவானாலும் கெடுதல்தான்: ஒரு மேட்டிலிருந்து ஷாக் நிமிர்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், போகப் போக அமுங்கியே கிடக்கும்.

1973இல் ஸ்வீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் யமஹாவில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். பெல்ஜியத்தின் லூசியன் டில்கன்ஸ் வகுத்த ஒற்றை ஷாக்கை அந்த ஆண்டுப் போட்டிகளில்தான் யமஹா இறக்கியது. சக்கரத்தைத் தரையோடு வைத்திருப்பதும் வேகம்தான் என்பதை அதன்பின் எல்லாக் கம்பெனிகளும் ஏற்றுக்கொண்டன.

ஷாக்கின் அமுங்கும், நிமிரும் வேகத்தை மாற்றும் திருகுதான் கிளிக்கர். சாம்பியன்களின் கிளிக்கர் எண்களை அப்படியே வைத்துப் பார்க்கும் தம்பிகளே, அந்த எண்கள் அவர்கள் உடம்புக்கும் வேகத்துக்கும் வைத்தவை. உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் முதலில், சேக் அடுத்து, கிளிக்கர் கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஓட்டிப் பார்த்து எழுதி வையுங்கள்.