மொன்ட்மெலோ குறிப்புகள்

பிப்ரவரி 18, 2019, திங்கள்

காலை ஒன்பது மணிக்குப் பிட் முனையில் பச்சை விளக்கு எரிந்தது. சில நிமிடங்களுக்குள் கிமி ரைக்கோனனின் ஆல்ஃபா ரோமியோ சரளையில் போய் நின்றுவிட்டது. உடனே சிவப்புக் கொடி. பார்முலா ஒன்னின் புது வருஷம் இப்படித்தான் பிறந்தது. ஆனால் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. நவம்பர் கடைசியில் அபுதாபியில் அடங்கிய சத்தம் மறுபடி காதில் விழுந்ததே போதும் என்று கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பார்சிலோனாவிலிருந்து ரயிலேறி மொன்ட்மெலோவில் இறங்கினால் ஓட்டப்பாதைக்கு அரை மணி நடை. மே மாதப் பந்தயத்தின்போது இங்கே கூட்டம் நெரியும். இன்று எந்த வரிசையில் வேண்டுமானாலும் உட்காரலாம். பிட்டுக்கு எதிர் மேடையிலிருந்து பார்த்தால் கராஜுக்குள் மெக்கானிக்குகள் டயரை மாட்டுவதும் மூடியைக் கழற்றுவதும் தெளிவாகத் தெரிகின்றன. பந்தய வார இறுதியில் இந்த வேலையெல்லாம் அவசரமாக முடிந்துவிடும். இங்கே ஒரு காரைப் பிரித்துப் பரப்பிவைத்து, தலையைச் சொறிந்துகொண்டு யோசிக்கிற மனிதர்களைப் பார்க்க முடிகிறது. இதற்காகவே நான் சோதனை ஓட்டத்துக்கு வருகிறேன். எந்த அணிக்கும் இன்னும் விடை தெரியாது.

அணிகள் பத்து. ஆனால் ஒன்பது கராஜ்களில்தான் நடமாட்டம். வில்லியம்ஸின் கார் வந்து சேரவில்லை. முதல் நாள் ஓடமாட்டோம் என்று நேற்று அறிவித்தார்கள். நாளையும் இல்லை என்று இன்று சொல்லிவிட்டார்கள். அணிகளுக்கான உலகப் பட்டத்தை 9 முறை வென்ற வீடு அது.

எனக்கு இரண்டு வரிசை முன்னால் போலந்துக்காரர்கள் சிலர் சிவப்பு வெள்ளைக் கொடியோடு உட்கார்ந்திருந்தார்கள். ராபர்ட் குபிட்சாவுக்காக வந்தவர்கள். 2011 பிப்ரவரி 3 அன்று வாலென்சியாவில் நடந்த சோதனை ஓட்டத்தில் ரெனோ காரில் முதல் நேரம் அவருடையது. மூன்று நாள் கழித்து இத்தாலியில் ஒரு ராலியில் தடுப்புக் கம்பி காரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து அவருடைய வலது கையைச் சிதைத்தது. அதற்குப் பிறகு இந்த வருஷம்தான் பந்தய ஓட்டுநராகத் திரும்புகிறார், அதுவும் வில்லியம்ஸில். எட்டு வருஷம் காத்திருந்து வந்தவருக்குக் கார் இல்லை. கொடியை அவர்கள் மடித்து வைக்கவே இல்லை. சாயங்காலம் ஆறு மணிவரை மடிமேல் விரித்தபடிதான் இருந்தது.

செபாஸ்டியன் வெட்டல் ஃபெராரியில் 169 சுற்று ஓடினார். ஒரு சுற்று 4.655 கிலோமீட்டர், இங்கே பந்தயத்துக்கு 66 சுற்று. அப்படியானால் ஒரே நாளில் இரண்டரைப் பந்தய தூரம். நேரப் பட்டியலிலும் அவர்தான் முதல், 1:18.161. அந்த நேரத்தைவிட 169 என்ற எண்தான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

பிப்ரவரி 19, செவ்வாய்

இன்று மூன்றாம் வளைவுப் பக்கம் போய் நின்றேன். நீண்டு போகும் வலப்பக்க வளைவு. காரின் முன்பக்கம் பிடிக்கிறதா, வழுக்குகிறதா என்பது அங்கே கண்ணுக்கே தெரிகிறது. ஃபெராரி தண்டவாளத்தில் போவது மாதிரி போகிறது. மெர்சிடிஸின் ஸ்டீயரிங்கில் சின்னச் சின்னத் திருத்தங்கள் தெரிகின்றன.

முன் விங்கைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். பின்னால் வரும் கார் நெருங்கித் தொடர முடியட்டும் என்று இந்த வருஷம் விதியை மாற்றிவிட்டார்கள். விங் 2 மீட்டர் அகலம், ஓரத் தகடு எளிமையாக இருக்கவேண்டும், பழைய சிறகுக் குப்பைகள் கூடாது. ஒரே விதிக்கு இரண்டு பதில்கள் வந்திருக்கின்றன. ஃபெராரியிலும் ஆல்ஃபாவிலும் விங்கின் அடுக்குகள் ஓரத்துக்குப் போகப் போகத் தாழ்ந்து சரிகின்றன. காற்றை முன் டயருக்கு வெளியே தள்ளிவிட அது உதவும். மெர்சிடிஸும் ரெட்புல்லும் ஓரம்வரை முழு உயரத்தில் வைத்திருக்கிறார்கள். விங்கிலிருந்தே அதிக அழுத்தம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எது சரி என்று சொல்ல இன்று ஒருவருமில்லை. சரி என்று தெரிந்த மறுநாளே மற்றவர்கள் அதன்பக்கம் சாயத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால், இரண்டு யோசனைகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இந்த நாட்கள்தான் அழகு.

காலையில் பல கார்கள் மினுங்கும் வர்ணத்தைப் பூசிக்கொண்டு வந்தன. பாரஃபின் எண்ணெயில் குழைத்த பொடி. கார் ஒரு சுற்று ஓடித் திரும்பும்போது காற்று போன தடமெல்லாம் அந்த வர்ணத்தில் கோடுகோடாகப் பதிந்திருக்கும், ஈரக் கோலத்தை யாரோ விரலால் இழுத்துவிட்டது போல. கராஜ் வாசலில் ஒருவர் முழங்காலிட்டு அந்தக் கோடுகளைப் படமெடுக்கிறார். ஒரு இடத்தில் கோடு நின்று குழம்பியிருந்தால் அங்கே காற்று தகட்டைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். காற்றுக்குகையிலும் கணினியிலும் போட்ட கணக்கு தார்ச்சாலையில் நிற்கிறதா என்று பார்க்கும் வேலை இது.

பிப்ரவரி 20, புதன்

வில்லியம்ஸ் கார் விடியற்காலை வந்து இறங்கியதாம். மத்தியானத்துக்கு மேல் ஜார்ஜ் ரஸ்ஸல் அதை ஓட்டிக்கொண்டு வெளியே வந்தார். கைதட்டல் மேடையெங்கும். மற்ற அணிகளின் ரசிகர்களும் தட்டினார்கள். அவர் ஓடியது 23 சுற்று. அணியை நடத்தும் கிளேர் வில்லியம்ஸ் இது தங்களுக்கு வெட்கக்கேடு என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லவும் ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

ராத்திரி கோவையிலிருந்து தம்பி போன் பண்ணினான். அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும்.

“யாருங்ணா ஃபாஸ்ட்டு?”

“அதைக் கேக்காதடா. யாரு எத்தனை சுத்து ஓடுனாங்கன்னு கேளு.”

“சுத்து ஓடி என்னங்ணா, டைம்தானே பேசுது?”

அவனுக்கு விளக்கியதை இங்கேயும் குறித்துவைக்கிறேன். இந்த வருஷம் பந்தயத்துக்கு 110 கிலோ எரிபொருள் கொண்டுபோகலாம். தொட்டியில் 10 கிலோ கூடினால் இந்தப் பாதையில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி போய்விடும். தொட்டியை நிரப்பி ஓடுபவருக்கும் வழித்துவிட்டு ஓடுபவருக்கும் மூன்று விநாடி வித்தியாசம். டயரில் சி1 முதல் சி5 வரை ஐந்து கலவைகள். எஞ்சினை எந்த அளவுக்குத் திறந்துவிட்டார்கள் என்பது அணிக்கு மட்டுமே தெரியும். இத்தனையும் மூடியிருக்கும்போது நேரப் பட்டியலை எப்படி நம்புவது? ஓடிய தூரத்தை மறைக்க முடியாது. ரேடியேட்டர் ஒழுகினால் கார் நிற்கும், கியர் பெட்டி உடைந்தால் நிற்கும், எல்லாரும் பார்ப்பார்கள்.

கடைசியில் அவனே சொன்னான்: “நம்ம நரேனுக்கும் இதே கதிதானுங்ணா.” உண்மை. 2011இல் நரேன் கார்த்திகேயனின் ஹெச்ஆர்டி அணி புதுக் காரைச் சோதனையில் ஓட்டாமலே மெல்போர்ன் போனது. தகுதிச் சுற்றில் அதிவேக நேரத்தின் 107 சதவீத வரம்புக்குள் வர முடியாமல் அவரும் சக ஓட்டுநர் லியுட்ஸியும் பந்தயத்துக்கு வெளியே நின்றார்கள். அதற்கு முந்தைய வருஷம் சென்னைக்காரர் கருண் சந்தோக்குக்கு நடந்தது இன்னும் கொடுமை. பஹ்ரைனில் பயிற்சி முடியும்வரை அவர் கார் தயாராகவில்லை. அதை அவர் முதன்முதலில் ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். அந்த நாட்களில் இங்கே அவர்களைக் கேலி செய்தவர்களை நான் மறக்கவில்லை. தயாராகாத காரில் ஓட்டுநரை ஏற்றிவிட்டு, நேரத்தைக் காட்டி அவனை மட்டும் எடைபோடுவது அநியாயம். குபிட்சாவுக்கு இப்போது அதுவே நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 21, வியாழன்

குபிட்சா ஓட்டினார். கொடி எழுந்து நின்றது. 48 சுற்று.

வாரக் கணக்கு: மெர்சிடிஸ் 600 சுற்றுக்கு மேல், வில்லியம்ஸ் 88.

பிப்ரவரி 27, புதன்

இரண்டாவது வாரம். மெர்சிடிஸ் நேற்றே புது முன் விங், புது மூக்கு, புது அடித்தளம் என்று ஏறக்குறைய வேறொரு காரோடு இறங்கிவிட்டது. முதல் வாரத்தில் ஓடியது வெறும் உழைப்புக் கார் போலிருக்கிறது. ஓட்டத்தைப் பழக அது, வேகத்துக்கு இது. இப்படி இரண்டு காரைத் திட்டமிடப் பணமும் ஆளும் வேண்டும், குளிர்காலம் முழுக்க ஒழுங்கும் வேண்டும்.

இன்று காலை வெட்டல் மூன்றாம் வளைவில் நேராகப் போய்த் தடுப்பில் மோதினார். சக்கர வளையம் பழுதாம். அவர் இறங்கி நடந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் மேடையில் மூச்சு வந்தது. ஃபெராரிக்குப் பகல் முழுதும் பழுதுபார்க்கும் வேலையிலேயே போயிற்று. எனக்கு வெட்டலைவிட அந்த மெக்கானிக்குகள்மேல் இரக்கம். இத்தகைய கோளாறு மெல்போர்னில் வராமல் இங்கே வந்தது அவர்களுக்கு நல்லது என்பதும் சரிதான்.

மார்ச் 1, வெள்ளி

கடைசி நாள். வெட்டல் 1:16.221. மெர்சிடிஸின் ஹாமில்டன் 1:16.224. இருவரும் சி5 டயரில். எட்டு நாள் ஓட்டத்தின் முடிவில் இரண்டு அணிகளுக்கும் இடையே 0.003 விநாடி. ஃபெராரி அரை விநாடி முன்னால் இருக்கலாம் என்று ஹாமில்டனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். பத்திரிகைகள் எல்லாம் சிவப்புதான். எனக்கென்னவோ மெர்சிடிஸின் அந்த ஸ்டீயரிங் திருத்தங்கள் இரண்டாம் வாரத்தில் காணாமல் போனதுதான் கண்ணில் நிற்கிறது.

குளிர்கால நேரம் பலரை ஏமாற்றியிருக்கிறது. 2001இல் ஜான் அலேசி ப்ரோஸ்ட் காரில் குளிர்காலச் சோதனைகளில் அசத்தினார். விளம்பரதாரர் தேடிக்கொண்டிருந்த அணி அது. அந்த சீசனோடு அதன் கதை முடிந்தது. நேரம் உண்மையே சொன்ன வருஷமும் உண்டு. ஹோண்டா கைகழுவிவிட்டுப் போன அணியை ராஸ் பிரான் எடுத்து, 2009 மார்ச்சில் இதே பாதைக்குக் கடைசி ஆளாகக் கொண்டுவந்தார். வந்த கையோடு எல்லாரையும்விட வேகம். அந்த வருஷம் ஜென்சன் பட்டன் சாம்பியன். தாமதமாக வந்தவர்களும் பிழைத்திருக்கிறார்கள் என்று சொல்ல அந்த ஒரு கதையைத்தான் எல்லாரும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காருக்குப் பின்னால் ஹோண்டாவின் பணத்தில் நடந்த நீண்ட வேலை இருந்தது. வில்லியம்ஸின் நிலைமை வேறு. அணிகளின் சிறந்த நேரங்களை அடுக்கினால் அது கடைசி.

இதில் எனக்கொரு மனக்குறை உண்டு. ஒரு காலத்தில் ஃபெராரி தன் சொந்த ஃபியோரானோ பாதையில் வருஷம் பூராவும் ஓடிக்கொண்டிருந்தது. பணமில்லாத அணிகளைக் காப்பாற்றத்தான் 2009 முதல் சோதனையைச் சுருக்கினார்கள். செலவு குறைந்தது, நல்லது. இப்போது சீசனுக்கு முன் எட்டு நாள், அதுவும் அணிக்கு ஒரே கார், ஆக ஓட்டுநருக்கு நான்கு நாள். இந்த எட்டில் இரண்டரை நாளை இழந்த அணி அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. வேகமான அணிகளுக்குத் தூரம் ஏற ஏறத் தரவு கூடுகிறது. பின்தங்கியவர்கள் தங்கள் காரில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கக்கூட நேரமில்லாமல் போகிறார்கள். யாரைக் காப்பாற்ற விதி வந்ததோ அவர்கள் கழுத்தையே அது இறுக்குகிறது. முந்தைய வருஷத்தில் கடைசியாக வந்த அணிகளுக்காவது கூடுதலாக இரண்டு நாள் கொடுக்கலாம். 2018இல் பத்தாவது வந்த அணி இதே வில்லியம்ஸ்தான்.

ஆறு மணிக்கு ஓட்டம் முடிந்தது. போலந்துக்காரர்களோடு ரயில் நிலையம்வரை நடந்தேன். பெரியவர் ஒருவர் மெல்போர்ன் பந்தயத்துக்குத் தன் ஊரில் விடியுமுன் எழுந்தாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மார்ச் 17, ஞாயிறு, கோவை

காலை 10.40க்குத் தம்பியோடு டிவி முன்னால். பந்தய இயக்குநர் சார்லி வைட்டிங் வியாழனன்று மெல்போர்னில் இறந்துபோன செய்தியின் பாரம் எல்லார் முகத்திலும் இருந்தது. இத்தனை வருஷமாக விளக்கணைத்துப் பந்தயத்தைத் தொடங்கிவைத்த கை அவருடையது.

நேற்று தகுதிச் சுற்றில் ஹாமில்டன் முதலிடம். வெட்டல் 0.704 விநாடி பின்னால். இன்று அதே மெர்சிடிஸின் வால்டேரி போட்டாஸ் ஹாமில்டனைவிட 20 விநாடி முன்னால் போய் ஜெயித்தார். ரெட்புல்லின் வெர்ஸ்டாப்பன் மூன்றாவது. அவர் காரிலிருந்த ஹோண்டா எஞ்சினுக்கு 2008க்குப் பிறகு முதல் பரிசுமேடை. ஃபெராரிக்கு நான்காவது, ஐந்தாவது இடங்கள்தான். வெட்டல் 57 விநாடி பின்னால்.

“பார்சிலோனாவுல பறந்தாங்கன்னு சொன்னீங்களேண்ணா?”

பறந்ததும் நிஜம்தான், நானே பார்த்தேன். மெர்சிடிஸ் அந்த இரண்டாவது காரோடு கடைசி வாரத்தில் கற்றதை மெல்போர்ன்வரை இழுத்துக்கொண்டு போனது. ஃபெராரி பார்சிலோனாவில் வந்தடைந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் கடைசிவரை கவனித்தது பதினேழாம் இடத்தை. குபிட்சா முதல் சுற்றிலேயே முன் விங்கை இழந்து பிட்டுக்கு வந்தார். மாற்றிக்கொண்டு போய் மூன்று சுற்று பின்தங்கி முடித்தார். ஒளிபரப்பில் அவர் தெரிந்தது நீலக்கொடியில் வழிவிடும்போது மட்டும்தான். வில்லியம்ஸ் மொன்ட்மெலோவில் ஓட வேண்டியிருந்த தூரத்தை அவர் இன்று பந்தயத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த பந்தயம் பஹ்ரைனில், மார்ச் 31. அது முடிந்த கையோடு ஏப்ரல் 2, 3 தேதிகளில் அங்கேயே இரண்டு நாள் சோதனை ஓட்டம். தம்பி இப்போதே கேட்டுவிட்டான், வில்லியம்ஸ் அதில் எத்தனை சுற்று ஓடும் என்று.