கட்டாருக்கு இரண்டரை மணித்தியாலமா?



சம்பந்தப்பட்ட பிள்ளையின் உம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போன கிழமை ஒன்பதாம் தரத்துக்குப் புவியியல் பாடம். 15 பாகை நெடுங்கோட்டுக்கு ஒரு மணித்தியாலம் என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு மகன் எழும்பினார்.

"சேர், கட்டாருக்கு பிளேன்ல ரெண்டரை மணித்தியாலம்தானே?"

"ஆரு மகன் சொன்ன?"

"வாப்பாட டிக்கட்ல இரிக்கி சேர். கட்டுநாயக்கயில விடிய 4 மணி. தோஹாவுல 6.30."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கோ நல்லதொரு உதாரணம் கிடைத்த சந்தோஷம். கரும்பலகையில் எழுதினேன். நமது நேரம் கிழக்கு 82½ பாகைக்குரியது. கட்டாரின் நேரம் 45 பாகைக்குரியது. வித்தியாசம் 37½ பாகை, அதாவது இரண்டரை மணித்தியாலம். இங்கு விடிய 4 மணி என்றால் அங்கு 1.30. அப்படியானால் பயணம் ஐந்து மணித்தியாலம். தூரம் சுமார் 3,600 கிலோமீற்றர்.

அவர் இன்னும் உட்காரவில்லை.

"அஞ்சு மணித்தியாலம் எண்டாலும் வந்திரிக்கலாம்தானே சேர்? வாப்பும்மா சுபஹோட மௌத்து. அசருக்குப் பிறகுதானே அடக்கின."

வகுப்பில் சத்தமே இல்லை. நான் பலகையை அழித்துவிட்டு இன்னொரு கணக்கு எழுதினேன். செய்தி காலை 5 மணிக்கே போய், முதலாளி உடனே லீவு கொடுத்து, டிக்கட்டும் கையோடு கிடைத்தது என்று வைப்போம். விமான நிலையத்துக்கு 3 மணித்தியாலம் முந்திப் போகவேண்டும். பறக்க 5. இறங்கி வெளியே வர 1. கட்டுநாயக்கவிலிருந்து நம்மூருக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், வேனில் 7. மொத்தம் 16. வாப்பா வீட்டு வாசலுக்கு வரும்போது இரவு 9 மணி. ஜனாஸாவை நாம் பிற்படுத்துவதில்லை. அசருக்கே அடக்கியாயிற்று.

"வரக்கூடாதெண்டு இல்ல மகன். வந்து சேர ஏலாது."

நான் எழுதச் சொல்லவில்லை. அவர் அந்தக் கணக்கைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் உம்மா கோல் எடுத்தார். மையித்து வீட்டில் யாரோ பெரியவர், "அழாத, வாப்பா இப்ப வந்திருவாரு" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை அசர் வரைக்கும் கேற்றடியில் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு ஆறு மாதமாக வாப்பாவின் கோலுக்கு வருவதே இல்லையாம். நேற்றிரவுதான் தானாகப் போனை வாங்கிப் பேசினாராம்.

நமதூரில் அரைவாசி வீடுகளில் இந்தத் தூரம் இருக்கிறது. பிள்ளைகளை ஆறுதல்படுத்த வராத ஆளை வருவார் என்று சொல்லாதீர்கள். கணக்கைச் சொல்லுங்கள், அவர்களுக்கு விளங்கும். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமாரே, வர முடியாமல் போன அந்த நாளைப்பற்றி உங்கள் வாயாலேயே பிள்ளையிடம் ஒருமுறை பேசுங்கள்.

அந்த வாப்பும்மாவுக்காக துஆச் செய்யுங்கள்.