திரையில் தோன்றும் தூதர்கள்

'தூதர்' என்னும் சொல்லுக்குத்தான் எத்தனை பெருமை! அன்னை மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்ல வந்த கபிரியேலும் தூதரே. ஒரு நாட்டின் சார்பாக மறு நாட்டில் இருந்து பேசுபவரும் தூதரே. வள்ளுவப் பெருந்தகை 'தூது' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் ஒரு பெண்மணி அல்லவா? தொண்டைமானின் படைக்கலங்கள் புதுமெருகு குலையாமல் இருப்பதைப் புகழ்வது போலப் புகழ்ந்து, அதியமானின் வேல்களோ போரில் சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடப்பதாக அவர் சொன்ன நயத்தைப் புறநானூறு காட்டுகிறது. போரைத் தடுக்க ஒரு சொல் போதும் என்று நம்பியவர்கள் நம் முன்னோர்.

இத்தகைய தூதர்களை வெள்ளித்திரை எவ்வாறு காட்டுகிறது என்று சற்றே சிந்திப்போமா?

பழைய புராணப் படங்களில் தூதருக்கு மதிப்பு இருந்தது. 1958-இல் வெளிவந்த 'சம்பூர்ண ராமாயண'த்தில் அனுமன் தூதன். 1964-இல் வெளிவந்த 'கர்ண'னில் கண்ணன் தூதன். தூதரை அவமதித்த அரசனே முடிவில் தாழ்ந்து போகிறான், தூதர் தாழ்வதில்லை. ஆனால் அண்மைக் காலப் படங்கள் சிலவற்றில் தூதரகம் என்றாலே பூட்டிய கதவும், கை விரிக்கும் அதிகாரியும்தான்!

2016-இல் வெளிவந்த 'ஏர்லிப்ட்' என்ற இந்திப் படத்தை எடுத்துக்கொள்வோம். 1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. அங்கே சுமார் 1,70,000 இந்தியர்கள் இருந்தார்கள். படத்தில் தூதரகத்தார் அவர்களைக் கைவிட்டுப் போய்விட, ஒரு வியாபாரியே எல்லோரையும் காப்பாற்றுகிறார். உண்மையில் நடந்தது என்ன? வெளியுறவு அமைச்சர் ஐ.கே.குஜ்ரால் பாக்தாது சென்று சதாம் உசேனைச் சந்தித்தார். ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா 59 நாட்களில் 488 முறை பறந்து, ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைத் தாயகம் சேர்த்தது. மத்துன்னி மேத்யூஸ் போன்ற குவைத் வாழ் வியாபாரிகளும் இரவு பகலாக உழைத்தார்கள். பலர் சேர்ந்து இழுத்த தேரை ஒருவரே இழுத்ததாகப் படம் காட்டிவிட்டது! வெளியுறவு அமைச்சகமும், முன்னாள் வெளியுறவுச் செயலர் நிருபமா ராவும் இதை மறுத்துப் பேசினார்கள்.

'படம்தானே, இதற்கு ஏன் இத்தனை பேச்சு?' என்று சிலர் கேட்கலாம். எங்கள் லால்குடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் பலர். எங்கள் வகுப்பிலேயே அப்பாவைப் போன் குரலில் மட்டும் அறிந்த தோழியர் உண்டு. அங்கே பாஸ்போர்ட் தொலைந்தாலும், முதலாளி சம்பளம் தர மறுத்தாலும், ஏன், ஒருவர் இறந்து உடல் ஊர் வந்து சேர வேண்டுமானாலும், போய் நிற்க வேண்டிய வாசல் இந்தியத் தூதரகமே. அந்த வாசலில் எவரும் இல்லை என்று படம் சொன்னால், பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் தோழியின் நெஞ்சம் என்ன பாடுபடும்!

இதற்கு நேர்மாறான படமும் உண்டு. 2017-இல் வெளிவந்த 'டேக் ஆப்' என்ற மலையாளப் படத்தில் இந்தியத் தூதரே கதாநாயகருக்கு நிகராக நிற்கிறார். 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் சிக்கிய 46 இந்திய நர்சுகள் ஜூலை 5-ஆம் நாள் கொச்சி வந்து சேர்ந்த நிகழ்ச்சியைத் தழுவிய கதை அது. பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் இங்கும் வீரச்செயலுக்கே முதலிடம்.

தூதரின் உண்மைப் பணி ஓடுவதும் தாவுவதும் அன்று. பட்டியல் எழுதுவது, பத்து முறை போன் செய்வது, கோபக்காரர் முன் கோபப்படாமல் அமர்ந்திருப்பது. ஒருவர் ஓடினால் படம் பிடிக்கலாம். பொறுமையாகக் காத்திருந்தால் எதைப் படம் பிடிப்பது? தூதரகங்களில் குறையே இல்லை என்று நாங்கள் வாதாட வரவில்லை. குறையைக் காட்டட்டும், அதற்காக இல்லாத குறையை உண்மைக் கதை என்ற பெயரில் காட்டலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்த படங்களில் தூதராக வருபவர் பெரும்பாலும் ஆணே. ஆனால் மடிக்கேரியில் புனித சூசையப்பர் பெயரால் அமைந்த பெண்கள் பள்ளியில் படித்த சி.பி.முத்தம்மா, 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி. 1970-இல் ஹங்கேரி நாட்டுக்குத் தூதரானார். பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1979-இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தமது தீர்ப்பில் அத்தகைய விதிகளைக் கண்டித்தார். துப்பாக்கிச் சத்தம் இல்லாத இந்தக் கதையை யாரேனும் படமாக்கினால், முதல் வரிசையில் அமர்ந்து பார்க்க நாங்கள் தயார்!

மலைப்பொழிவில் நம் ஆண்டவர் வாழ்த்தியவர்களுள் சமாதானம் செய்வோரும் உண்டு. தோழியரே, திரையில் தூதரைக் காணும்போது கைதட்டுவதற்கும் ஏசுவதற்கும் முன் நடந்தது என்ன என்று ஒரு முறை தேடிப் படிப்போம். தொலைவில் உழைக்கும் நம் தந்தையர்க்காகவும், அவர்களுக்குத் துணை நிற்கும் பெயர் தெரியாத அலுவலர்க்காகவும் நாள்தோறும் மன்றாடுவோம். நம்மில் ஒருத்தியும் நாளை நாட்டின் தூதராகட்டும்!