சுழலும் வரை நிற்கும் கோலம்

ஒழுங்கு என்றவுடன் நம் மனம் ஓய்வையே எண்ணுகிறது. உப்புநீர் அசைவின்றி மெல்ல வற்றும்போது கனசதுரப் படிகங்கள் தோன்றுகின்றன. பள்ளியில் இயற்பியல் கற்பித்த ஆண்டுகளில் இக்காட்சியை மாணவர்க்குக் காட்டி நானும் மகிழ்ந்ததுண்டு. ஆனால், அசைவினாலேயே பிறந்து, அசைவு நின்றதும் மறைந்துபோகும் ஒழுங்கும் உண்டு.

2000ஆம் ஆண்டில் கிரிபோவ்ஸ்கி, ஸ்டோன், ஒயிட்சைட்ஸ் என்னும் மூவர் இதனைக் காட்டினர். மில்லிமீட்டர் அளவிலான காந்த வட்டுகளை நீர்மப் பரப்பில் மிதக்கவிட்டு, கீழே ஒரு சட்ட காந்தத்தைச் சுழற்றினர். வட்டுகளும் தம்மைத்தாமே சுற்றலாயின. காந்தம் எல்லாவற்றையும் நடுவே ஈர்த்தது. ஒவ்வொரு வட்டும் சுழன்று எழுப்பிய நீரோட்டமோ அண்டை வட்டை விலக்கியது. ஈர்ப்பும் விலக்கமும் ஈடான இடத்தில் அழகிய கோலம் அமைந்தது. வேகம் கூடினால் இடைவெளியும் கூடும். காந்தம் நின்றால் கோலம் கலையும்.

பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இதனினும் நுண்ணிய உலகில் புகுந்தனர். மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரு பங்கும் இல்லாத இரும்பு ஆக்சைடுக் கனசதுரங்களை, சுழலும் காந்தப்புலத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 10 முறை சுற்றச் செய்தனர். அவை நீர்மம்போல் திரண்டன. அத்திரளின் விளிம்பு நெடுக ஒரே திசையில் ஓட்டம் எழுந்தது. இது 2019இல் வெளியான செய்தி. சுழலும் துகள்கள் படிகமாக அடுக்கப்படும்போது, வரிசையில் நேர்ந்த பிழைகள் தாமாகவே நகர்ந்து, படிகத்தையே மாவுபோல் பிசைந்து, சுழலும் சிறு திட்டுகளாகப் பிரிக்கின்றன என்பது 2022இல் வெளியானது. எந்தக் கையும் துகளைத் தொடுவதில்லை. புலத்தை ஆள்பவரே அமைப்பையும் ஆள்கிறார்.

இவற்றைப் படிக்கையில் என் அன்னையை நினைத்தேன். நாங்கள் அறுவர் உடன்பிறந்தோர். அவர் மறைந்தபின் எங்களுக்குள் பூசல் ஏதும் எழவில்லை. ஆயினும் மூன்றே ஆண்டுகளில் ஒருவர் வீட்டு நலம் ஒருவர் அறியாதவரானோம். எங்களை இணைத்தது இரத்த உறவு என்றே எண்ணியிருந்தோம். உண்மையில், ஓயாது கடிதம் எழுதியும், சினந்தும், பண்டிகைக்கு அழைத்தும் இயங்கிய ஓர் உள்ளமே இணைத்தது. அவர் எங்களை நெருங்க வைத்தார், நெரிபடவும் விடவில்லை.

படிகத்தின் ஒழுங்கு ஒருமுறை அமைந்தால் போதும், நிலைத்திருக்கும். இல்லத்தின் ஒழுங்கு அத்தகையதன்று; அதனை அன்றாடம் எவரேனும் சுழற்றியாக வேண்டும். இப்போது ஞாயிறுதோறும் ஐவருக்கும் நான் தொலைபேசுகிறேன். சென்ற மாதம் இளையவள் தானாகவே அழைத்தாள்.