ரீசெட்

என் அண்ணன் மகள் கோவை ஆலையொன்றில் பராமரிப்புப் பொறியாளர். சர்வோ மோட்டார் நின்றால் எல்லோரும் மோட்டாரைத்தான் குறை சொல்வார்களாம். இவளோ மின்சாரத்தைத் துண்டித்து, டிரைவில் தேங்கிய மின்னழுத்தம் வடியும்வரை காத்திருந்து, முதலில் என்கோடர் கேபிளைப் பார்ப்பாள். ஓயாமல் வளைந்ததில் உள்ளே கம்பி அறுந்திருக்கும். ஓவர்லோட் அலாரம் வந்தால், பிரேக் விடுபட்டதா, பேரிங் இறுகியதா, சுமை கூடியதா என்று தேடுவாள்.

“காரணம் பாக்காம ரீசெட் பண்ணிட்டே இருந்தா காயில் கருகிடும் அத்தை.”

வகுப்பில் தூங்கி விழும் மாணவிகளை நினைத்துக்கொண்டேன். விடியுமுன் சமையல், கல்லூரி முடிந்ததும் கடை வேலை. ‘கவனமாகப் படி’ என்று அறிவுரை சொல்லி அனுப்புகிறார்கள், அதுவும் ரீசெட்தான். பழுது பெண்ணிடம் இல்லை. சுமையைக் குறையுங்கள்: அவள் தம்பியும் அடுப்படிக்கு வரட்டும்.