வேளாங்கண்ணி வழியில் ஒரு பித்தளைத் துண்டு

வடக்கேயிருந்து கடற்கரைச் சாலை வழியாக வருவோர், 1620-ஆம் ஆண்டில் டேனியர் வந்திறங்கிய தரங்கம்பாடியையும், அதையடுத்துப் பொறையாறையும் கடந்து, நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் பூவம் என்னும் எல்லைச் சிற்றூரை அடைவர். அங்கே மண் மாறுவதில்லை, வயல் மாறுவதில்லை, மொழியும் மாறுவதில்லை. ஆட்சி மட்டும் மாறுகின்றது. மூன்று புறமும் தமிழ்நாடு சூழ, கிழக்கே கடல் காக்க, நடுவில் தனித்து நிற்கும் காரைக்கால் அங்கே தொடங்குகின்றது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இப்பகுதி, 1954 நவம்பர் 1-ஆம் நாள் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் நிறைவுற்றது.

இது கடைமடை நாடு. காவிரி பல கிளைகளாகப் பிரிந்து, வழியெல்லாம் வயல்களுக்கு வாரி வழங்கிய பின்னர், எஞ்சிய நீரே இங்கு வந்து சேர்கின்றது. மேட்டூர் அணை திறக்கப்பட்டது என்னும் செய்தி வந்தாலும், அந்நீர் அரசலாற்றின் கடைசி மதகைத் தொடும் நாளை எண்ணிக் காத்திருப்பதே நம் உழவர்களின் வழக்கம். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரி மாநிலத்துக்கு ஒதுக்கிய அளவு 7 டி.எம்.சி. தண்ணீர் போதவில்லை, வேகம் இல்லை, குழாயில் நூல்போல் வருகின்றது என்னும் முறையீடுகளையே நாம் கேட்டுப் பழகியுள்ளோம். தண்ணீருக்கு வேகம் மிகுந்து போவதும் ஒரு தீங்காகும் என்பதை இந்நாட்டில் யார் நமக்குச் சொல்லியிருக்கக் கூடும்? சென்ற ஆண்டு அதை நாமே கற்க நேர்ந்தது.

ஆகஸ்டுத் திங்களின் இறுதி நாட்களில் இச்சாலையின் தோற்றமே மாறிவிடும். 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழா நிறைவுறும். சென்னையிலிருந்தும் புதுவையிலிருந்தும் காவியுடை அணிந்த யாத்திரிகர் கூட்டம் கூட்டமாக நடந்து வருவர். சாலையோரத்திலுள்ள நம் பங்கில் அவர்கள் இரவு தங்குவதற்கென ஓர் எளிய கூடமும், குளியலறைகளும், முற்றத்தில் ஒரு குழாயும் உண்டு. கூரைமேல் இருந்த தொட்டியிலிருந்து நீர் மெல்லத்தான் இறங்கும். கூட்டம் மிகுந்த நாட்களில் ஒரு வாளி நிரம்பக் கால்மணி நேரம் ஆவதாக யாத்திரிகர் குறைபட்டுக் கொண்டனர். ஆகவே சென்ற ஆண்டு பங்குப் பேரவையின் ஒப்புதலோடு ஒரு பிரஷர் பம்பு வாங்கிப் பொருத்தினோம். குழாயைத் திறந்ததும் நீர் சீறிப் பாய்ந்தது. அதைக் கண்டு சிறுவர்கள் கைதட்டினர். நாமும் அகமகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

அந்நாட்களில் சென்னையிலிருந்து நாற்பது பேர் கொண்ட ஒரு குழு வந்து சேர்ந்தது. நடக்க இயலாத இரு மூதாட்டியருக்காக அவர்கள் ஒரு கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்து உடன் கொணர்ந்திருந்தனர். திரைப்பட நடிகர்களுக்கே உரியது என்று நாம் எண்ணியிருந்த வண்டி அது. 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்ததிலிருந்து இவை குடும்பங்களின் பயணத்துக்கும் வரத் தொடங்கியுள்ளன. உள்ளே படுக்கை, சிறு அடுப்பங்கரை, கழிவறை, கை கழுவும் தொட்டி யாவும் இருந்தன. வண்டிக்கெனத் தனி நீர்த்தொட்டி உண்டு. அன்றியும், தங்குமிடத்துக் குழாயோடு ரப்பர் குழாய் கொண்டு நேரே இணைத்துக்கொள்ளப் பக்கவாட்டில் ஒரு வாயும் உண்டு. ஓட்டுநர் இருபத்திரண்டு வயதுத் தம்பி. அவர் முற்றத்துக் குழாயோடு வண்டியை இணைத்துவிட்டு, நம்மிடம் விடைபெற்று உறங்கச் சென்றார்.

நள்ளிரவு கடந்து பம்பின் இரைச்சல் கேட்டு விழித்தோம். ஒரு குழாயும் திறந்திராத வேளையில் பம்பு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து பார்த்தால், வண்டியின் படிகளில் நீர் அருவியாக இறங்கிற்று. உள்ளே கை கழுவும் தொட்டியின் அடியிலிருந்த பிளாஸ்டிக் குழாய், இணைப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. மூதாட்டியரின் படுக்கையும், மருந்துப் பையும், மறுநாள் சமையலுக்கான அரிசியும் நனைந்து கிடந்தன. நாற்பது பேர் காலையில் குளிப்பதற்கென இருந்த தொட்டிநீர் முழுவதும் மண்ணில் கலந்துவிட்டது.

நாம் அந்தத் தம்பியை எழுப்பி, அனைவர் முன்னிலையிலும் கடிந்து பேசினோம். "இணைப்பைச் சரியாக இறுக்காமல் உறங்கப் போனாயே" என்றோம். அவர் தலைகுனிந்து, "சாமி, வேகமாக வருகிறதே என்று குழாயைப் பாதிதான் திறந்து வைத்தேன்" என்றார். அதைச் சாக்குப் போக்கென்று எண்ணி மேலும் கடிந்தோம். விடியுமுன் நான்கு மணிக்கு அக்குழு புறப்பட்டது. அவர் நம் முகத்தைப் பாராமலே வண்டியை எடுத்துச் சென்றார்.

காலைத் திருப்பலி முடிந்ததும் நம்மைக் காண ஒருவர் வந்தார். காரைக்காலில் பல குடும்பங்கள் 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவை. அவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். பாரிஸ் நகரில் முப்பதாண்டுகளுக்கு மேல் குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நடந்ததைக் கேட்டதும் தம் பையிலிருந்து அழுத்தமானி ஒன்றை எடுத்தார். ரப்பர் குழாயின் ஒரு முனையை முற்றத்துக் குழாயிலும், மறுமுனையை அம்மானியிலும் பொருத்தினார். நீர் வெளியேற வழியில்லை. குழாயை முழுவதும் திறந்தார். முள் பாய்ந்து சென்று நாலரை கிலோவில் நின்றது. பிறகு நீரை வடித்துவிட்டு, பாதி மட்டும் திறந்தார். முள் சற்று மெல்ல ஏறி, அதே நாலரையில் நின்றது. கால் பங்கு திறந்தார். இன்னும் மெல்ல ஏறிற்று. நின்ற இடம் அதுவே.

"சாமி, குழாயைக் குறைத்துத் திறந்தால் வரும் நீரின் அளவுதான் குறையும். உள்ளே எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போது அழுத்தம் குறையவே குறையாது. அந்தப் பிள்ளை சொன்னது மெய், ஆனால் அவர் செய்தது போதாது" என்றார் அவர். நமக்கு நா எழவில்லை.

வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். அழுத்தம் கிலோவில் சொல்லப்படும்போது, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் அத்தனை கிலோ எடை அழுத்துவதாகப் பொருள். பத்து மீட்டர் உயரமுள்ள நீர் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். நம் பழைய தொட்டி முற்றத்துக்கு ஆறு மீட்டர் உயரத்தில் இருந்தமையால், அரைக் கிலோவுக்குச் சற்று மிகுதியாகவே தந்தது. புதிய பம்போ நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில் தொட்டி கட்டியதற்கு ஒப்பாயிற்று. அடைபட்ட நீரில் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று விளக்கியவர், சமயச் சிந்தனைகளாலும் புகழ்பெற்ற பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623–1662). குருமடத்தில் அவருடைய சிந்தனைகளைப் படித்த நாம், அவருடைய நீரியல் விதியை மறந்திருந்தோம்! வீட்டின் கனத்த குழாய்கள் தாங்கிய அழுத்தத்தை, எடை குறைவாக இருக்க வேண்டுமென்று மெல்லிதாய் அமைத்த வண்டிக் குழாய்களின் இணைப்பு தாங்கவில்லை. பகலில் யாராவது நீரைத் திறந்துகொண்டே இருந்தமையால் அழுத்தம் தணிந்திருந்தது. எல்லாரும் உறங்கிய பின்னர் அது முழு வலிமையோடு அங்கேயே நின்றது.

அப்பெரியவர் கனடாவில் வாழும் தம் மகள் குடும்பத்தோடு இத்தகைய வண்டியில் ஒரு கோடை முழுவதும் பயணம் செய்தவர். அங்கே வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கென முகாம்கள் உண்டு; ஒவ்வோர் இடத்திலும் ஒரு குழாய் நிற்கும். ஓரிடத்தில் நீர் சொட்டும், மற்றோரிடத்தில் சீறும். ஆகவே அறிந்தவர்கள் ரெகுலேட்டர் இன்றி வண்டியை இணைப்பதில்லை. அமெரிக்கக் கட்டடக் குழாய் விதிகள், சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஐந்தரை கிலோவுக்கு மேல் அழுத்தமுள்ள வீட்டுக்கே அழுத்தக் குறைப்பு வால்வு வேண்டும் என்கின்றன. வண்டிகளுக்கோ 40 முதல் 50 பவுண்டு வரை, அதாவது மூன்று கிலோவை ஒட்டி வைப்பதே வழக்கம்.

இல்லத்தரசியர்க்கு இது புதிதன்று. கேஸ் சிலிண்டரின் தலையில் உள்ள ரெகுலேட்டர் என்ன செய்கின்றதோ, அதையே இதுவும் நீருக்குச் செய்கின்றது. பித்தளைக் கூட்டுக்குள் ஒரு சவ்வும் ஒரு சுருள்வில்லும் உள்ளன. வண்டிப் பக்கத்தில் அழுத்தம் ஏறும்போது, அது சவ்வைத் தள்ளி, வில்லை வென்று, நீர்வழியை மூடுகின்றது. உள்ளே ஒருவர் குழாயைத் திறந்து அழுத்தம் குறைந்தால், வில் சவ்வைத் திருப்பித் தள்ள, வழி மீண்டும் திறக்கின்றது. அழுத்தம் நிலையாக அமைக்கப்பட்டவை விலை குறைந்தவை. ஆனால் நீரோட்டத்தையும் சற்றுக் குறைக்கும். திருகாணியும் மானியும் உடையவற்றை வேண்டிய அளவுக்குத் திருப்பிக் கொள்ளலாம்.

பெரியவர் நமக்குச் சொன்ன நெறிகள் சில. ரெகுலேட்டரை வண்டியின் வாயிலன்று, தங்குமிடத்துக் குழாயிலேயே பொருத்த வேண்டும். அப்பொழுதுதான் ரப்பர் குழாயும் காக்கப்படும். வடிகட்டி இருப்பின் அது ரெகுலேட்டருக்குப் பின்னர் வரவேண்டும். குடிநீருக்கென ஈயம் கலவாத பித்தளையால் செய்யப்பட்டதையே வாங்க வேண்டும். எல்லாக் குழாய்களையும் மூடிய நிலையில் மானியைப் பார்க்க வேண்டும். நீர் ஓடும்போது காணும் அளவு ஏமாற்றும். நம் கடற்கரை மணல் வால்வின் இருக்கையில் சிக்கினால் அது முழுதும் மூடாது. ஆதலால் சல்லடையை அடிக்கடி கழுவ வேண்டும். ரெகுலேட்டர் இல்லாதவர் நேரே இணைக்காமல், வண்டியின் சொந்தத் தொட்டியை அருகில் நின்று நிரப்பி, நிரம்பியதும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட வேண்டும். உறங்கும்போது இணைப்பை மூடிவிடுவது எவருக்கும் நலம்.

அன்றே நகரத்துக் கடையொன்றில் இரண்டு ரெகுலேட்டர்கள் வாங்கினோம். ஒன்றை முற்றத்துக் குழாயில் பெரியவரே பொருத்தினார். மற்றொன்றைப் பையில் இட்டுக்கொண்டு மறுநாள் பிற்பகல் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். நகரின் நடுவே தூய தேற்றரவு அன்னை ஆலயத்தின் உயர்ந்த கோபுரத்தைக் கண்டு, அரசலாற்றுப் பாலத்தைக் கடந்தோம். ஆற்றில் நீர் அசைவதே தெரியவில்லை. திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர் எல்லை, நாகூர் மினாராக்கள், நாகப்பட்டினம் என ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம். வழியெங்கும் யாத்திரிகர், அவர்களுக்கு மோரும் நீரும் வழங்கும் எல்லாச் சமயத்தாரின் பந்தல்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை ஏறி வந்த கரை இது. நீரின் வலிமையை அறியாத மக்களல்லர் இவர்கள். கடலினுடையதை அறிந்திருந்தோம், குழாயினுடையதைத்தான் அறிந்திலோம்.

வேளாங்கண்ணியில் வண்டிகள் நிற்கும் திடலில் ஒரு மணி நேரம் தேடினோம். அத்தம்பி வண்டியின் நிழலில் அமர்ந்து, நனைந்த மெத்தையைத் திருப்பிக் காயவைத்துக் கொண்டிருந்தார். உடைந்த குழாயைச் செப்பனிட்ட செலவை முதலாளி அவருடைய கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார் என்பதை அங்கேதான் அறிந்தோம். அவரைக் கடிந்தபோது சுற்றி நின்றவர்களை அழைத்து, அவர்கள் முன்னிலையிலேயே, "பிழை எம்முடைய பம்பினுடையது; உம்முடையதன்று. அறியாமல் பேசியதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், தம்பி" என்றோம். முதலாளியோடு தொலைபேசியில் பேசி, செப்பனிட்ட செலவை நம் பங்கே ஏற்பதாக உறுதி கூறினோம். பித்தளைத் துண்டை அவர் கையில் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்குள் இவ்வளவு இருக்கிறதா, சாமி?" என்று மட்டும் கேட்டார்.

குழாய்க்கு ஒரு ரெகுலேட்டர் வாங்கினோம். நள்ளிரவில் கடிந்து பேசும் நாவுக்கும் ஒன்று வேண்டும் என்று திரும்பும் வழியில் எண்ணிக்கொண்டோம்.

இவ்வாண்டும் அக்குழு வந்தது. அத்தம்பியே வண்டியை ஓட்டி வந்தார். முற்றத்தில் நாம் எழுதி வைத்திருந்த "இக்குழாயின் அழுத்தம் 3 கிலோ" என்னும் பலகையைப் படித்தார். படித்த பின்னரும், தம் பெட்டியிலிருந்து சொந்த மானியை எடுத்து, குழாயில் பொருத்தி, முள் நிற்கும்வரை பொறுத்திருந்து பார்த்தார். பின்னர் தம் ரெகுலேட்டரையும் மாட்டியே வண்டியை இணைத்தார். நாம் அதில் குறை காணவில்லை. அன்றிரவு பம்பு இரையவில்லை, மூதாட்டியர் உறங்கினர், விடியலில் நாற்பது பேரும் குளித்துப் புறப்பட்ட பின்னரும் தொட்டியில் பாதி நீர் இருந்தது.