எம்பெக்கையின் மரத்தூண்களும் நம் வீட்டு முற்றமும்

மலைநாடு காணச் செல்லும் நம்மவர் கண்டி நகரையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகின்றனர். பூந்தோட்டத்துக்கு அணித்தாக, ஒரு பகற்பொழுதிற் சுற்றிவரக்கூடிய வட்டத்துள், கல்லாலான கோயிலொன்றும் செங்கல்லாலான கோயிலொன்றும் மரத்தாலான மண்டபமொன்றும் இருப்பதை அவருட் பலர் அறியார். கொழும்பு வீதியிலுள்ள பிலிமத்தலாவையில் தெற்கே திரும்பினால் முதலில் வருவது கடலாதெனியா; அடுத்தது இலங்காதிலகம். இரண்டும் 1344இல் எழுந்தவை. முன்னதைச் சமைத்த சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. பின்னதன் பாறையிலே சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் வெட்டப்பட்டிருக்கின்றது. தமிழ் மாணவர் சற்று நின்று பார்க்கவேண்டிய பாறை அது. எனினும் யான் சொல்லப் புகுந்தது மூன்றாவதைப் பற்றியே.

எம்பெக்கைத் தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. கம்பளையிலிருந்து அரசு செலுத்திய மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தது. அஃதாவது 14ஆம் நூற்றாண்டினது. அங்கே புகழ் பெற்றது மேளகாரருக்கென அமைந்த திறந்த மண்டபமாகும். அதன் தூண்கள் அடியிற் சதுரமாகவும், இடையில் எண்பட்டையாகவும், மீண்டும் சதுரமாகவும் செதுக்கப்பட்டவை. நம் கோயில் மண்டபங்களிற் கல்லிற் காணும் அமைப்பே இங்கு மரத்தில் நிற்கின்றது. சதுரப் பலகங்கள்தோறும் ஒவ்வொரு சித்திரம்: இரட்டைத்தலைப் பட்சி, கழுத்துகள் பின்னிய அன்னங்கள், மற்போர் புரிவோர், குதிரைவீரன், மகவுக்குப் பாலூட்டும் தாய். மரத்திலே இத்துணை உயிர்ப்பு எங்ஙனம் வந்ததோ என வியவாதார் இலர்.

யான் மாணவர் சிலருடன் அங்குச் சென்றபோது எமது பேருந்தின் சாரதியும் உடன்வந்தார். தச்சர் குடும்பத்திற் பிறந்தவர் அவர். நாங்கள் அன்னத்தையே பார்த்துநிற்கக் கண்டு, "தூணைப் பார்த்தது போதும் மாஸ்ரர், ஒருக்கால் முகட்டைப் பாருங்கோ" என்றார். அண்ணாந்து பார்த்தோம். கூரையின் ஒரு தலைப்பிலே 26 கைமரங்கள் விசிறிபோற் குவிந்து ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அவ்வளவையும் பிணித்து நிற்பது ஒரேயொரு பெரிய மரமுளை! சிங்களத்தில் அதனை மடொல் குருப்பாவ என்பர். கூரையின் பாரம் முழுதும் கைமரம் வழியே வளைக்கும், வளைவழியே போதிகைக்கும், போதிகைவழியே தூணுக்கும் இறங்குகின்றது. சித்திரம் கண்ணுக்கு, முளையும் பொருத்துந்தான் கட்டடத்துக்கு. முளையால் இணைத்ததை முளை கழற்றிப் பிரிக்கலாம், பழுதுற்ற ஓர் உறுப்பை மட்டும் மாற்றலாம், மீண்டும் பூட்டலாம். வார்த்த சீமெந்துக்கு இந்த இயல்பு இல்லை.

நிற்க. இவ்வகை வேலைப்பாட்டை முறையாக ஆராய்ந்து நூலாக்கியவர் நம்மவராகிய ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இற் பிறந்த அவர், கனிப்பொருளாய்வு அதிகாரியாக நாடெங்கும் சுற்றியவர். பாறைகளைத் தேடிச் சென்ற இடத்திலே கம்மாளரைக் கண்டார். அவர் 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலிலே கட்டடக்கலைக்கும் மரவேலைக்கும் உரிய பகுதிகள் உள. துணைவியார் எதெல் எடுத்த ஒளிப்படங்களும் அதிற் சேர்ந்துள்ளன. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே, இங்கிலாந்திலிருந்த தமது இல்லத்தில், 425 படிகள் மட்டும் அச்சிட்டார். தொழிலாளர் வாயில் வழங்கிய சொற்களையும் விடாது குறித்துவைத்தமையே அந்நூலின் தனிச்சிறப்பு என்பது என் கருத்து.

அடுத்து, பாபரா சன்சோனி, ரொனால்ட் லூகொக், லக்கி சேனாநாயக்க என்னும் மூவரும் 1998இல் வெளியிட்ட ஒரு தீவின் கட்டடக்கலை. பெருங்கோயில்களோடு சிறுவீடுகளும் வழிப்போக்கர் மடங்களும் அதிற் கோட்டுச் சித்திரங்களாக உள்ளன. படம் வரையும் மாணவருக்கு நல்ல துணை.

பழைய மரக்கட்டடத்திலிருந்து இன்றைய வீடு எதைப் பெறலாம்? கொழும்புச் சுதந்திர மண்டபம் ஒரு விடை தருகின்றது. கண்டி அரசர்களின் மரத்தாலான அரசிருக்கை மண்டபத்தை முன்மாதிரியாகக் கொண்டு அதனைக் கொங்கிறீற்றில் வார்த்திருக்கின்றனர். கம்பீரமான கட்டடந்தான், ஆயின் மரத்தின் உருவம் இருக்கின்றதே அன்றி மரத்தின் தொழில் இல்லை. வேறொரு விடையைத் தந்தவர் ஜெப்ரி பாவா. 1960ஆம் ஆண்டளவில் ஏனா டி சில்வா என்னும் கலைஞருக்காகக் கொழும்பு அல்பிரட் பிளேசில் அவர் ஒரு வீடு அமைத்தார். தெருவுக்கு மதிலைக் காட்டி, உள்ளே பெரிய முற்றம் வைத்து, அதனைச் சூழ அறைகளையும் விறாந்தைகளையும் இணைத்து, ஓட்டுக்கூரையைத் தாழ இறக்கினார். கருங்கல் அடித்தளங்களின் மேல் முதிரைத் தூண்கள் நின்றன. தூணின் கால் ஈரம் உறாதிருக்கக் கல், வெயில் உறாதிருக்க நீண்ட இறவாரம், காற்றுக்கு முற்றம். அன்னமும் இல்லை, பட்சியும் இல்லை. ஆயினும் பழைய தச்சனின் அறிவு அங்கே இருக்கின்றது. அவ்வீட்டின் வரைபடங்களை டேவிட் றொப்சன் 2002இல் வெளியிட்ட பாவாவைப் பற்றிய நூலிற் காணலாம்.

அவ்வீட்டின் பிற்காலக் கதையும் அறியத்தக்கது. நகரிலே காணியின் விலை ஏறிற்று, வீடு கைமாறியது. இடிபடவேண்டியிருந்த அதனை 2009இல் பகுதி பகுதியாகக் கழற்றினர். தூணுக்கும் கல்லுக்கும் எண்ணிட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவா வாழ்ந்த லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுசென்று மீண்டும் நிறுத்தினர்.

முற்றம் வைத்த வீடு என்றதும் யாழ்ப்பாணத்து வாசகருக்கு நாற்சார் வீடு நினைவுக்கு வந்திருக்கும். நாற்புறக் கூரையும் உள்நோக்கிச் சரிய மழைநீர் முற்றத்திலே கொட்டும், விறாந்தையில் மரத்தூண், முகட்டிலே வைரம் பாய்ந்த பனையின் வளையும் கைமரமும் சலாகையும், தெருவோரத்தில் வழிப்போக்கர் இளைப்பாறச் சங்கடப்படலை. போரிலே அழிந்தவை பல. எஞ்சியவற்றை இன்று நாமே அழிக்கின்றோம். வெளிநாட்டிலிருந்து பணம் வருகின்றது, கூடவே ஒரு வரைபடமும் வருகின்றது. நாற்சாரம் இடிபட, முதிரைத் தூண்கள் மரக்காலைக்குப் போகின்றன. தட்டைக் கொங்கிறீற்றுக் கூரையின் கீழ் நண்பகலிற் படுத்தவர்க்கு அதன் வெம்மையை யான் சொல்லவேண்டியதில்லை. பழைய வீடு இருள் சூழ்ந்தது, கறையான் ஏறுவது, சமையலறை புகை மண்டுவது என்று வீட்டுப் பெண்கள் சொல்லும் குறைகள் நியாயமானவையே. அவற்றைத் தீர்க்க யன்னலும் புகைபோக்கியும் போதும், முற்றத்தை மூடவேண்டுமென்பதில்லை.

இந்த விடுமுறையிலே மாணவர் ஒரு காரியம் செய்யலாம். அளவுநாடாவும் கட்டம் போட்ட தாளும் எடுத்துக்கொண்டு, அம்மம்மா வீட்டிலோ அப்பப்பா வீட்டிலோ நிற்கும் நாற்சாரத்தை அளந்து வரைக. தூணின் உயரம், இறவாரத்தின் நீளம், முற்றத்தின் அகலம், கைமரங்களின் தொகை ஆகியவற்றைக் குறிக்க. ஊரிலே முதிய தச்சர் ஒருவர் இருப்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதுக. அந்தக் கைமரத்துக்குத் தறித்த பனை எந்தக் காணியில் நின்றதென்பதை அம்மம்மாவிடம் கேட்டு, அதனையும் ஓரத்தில் எழுதிவைக்க.